இன்னும் கொஞ்சம் பின்னாடி

லிங்கேஸ்வரனுக்குக் குண்டி ஒரு இடத்தில் தரிக்காது. மார்கழி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போடியில் கல்யாண போட்டோ எடுக்கிறவனுக்கு மார்கழியில் என்ன சோலி? ஊரில் ஒரு முகூர்த்தம் கிடையாது. கேமராவைத் துடைப்பான், உறையில் போடுவான், மறுபடி எடுத்துத் துடைப்பான். "கண்ணாடி தேஞ்சிரப் போகுது மாமா" என்று மகாராணி சிரிப்பாள். கட்டிக்கொண்ட அத்தை மகள். கிண்டலில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்த மார்கழியில் அவனுக்கு ஒரு வழி திறந்தது. மலையேற்றத்துக்கு ஆள் கூட்டிப்போகிற வெளியூர்க் கம்பெனி ஒன்று, குளிர்காலத்தில் வறண்ட பள்ளத்தாக்கில் ஒருத்தர் நடக்கிற மாதிரி ஒரே ஒரு படம் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் வருஷம் பூராவும் அவனுக்கு வேலை. மாப்பிள்ளை பெண்ணைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்துக் கிடந்தவன் அவன். அது மட்டும் கிடைத்தால் கல்யாண மண்டபத்துக்கே ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடுவான்.

விடிந்ததும் பொட்டிபுரம் தாண்டி பைக்கை நிறுத்திவிட்டு அவனும் மகாராணியும் ஏறினார்கள். தூரத்து ஏலமலை உச்சியில் மூட்டம் இறங்கிக் கிடந்தது. இந்தச் சரிவிலோ பொட்டு ஈரம் கிடையாது. உடைமுள்ளும் கள்ளியும், நடுவே பாறையைப் பிளந்துகொண்டு இறங்கும் காய்ந்த ஓடையும்தான். வாடைக்காற்று காதை அறுத்தது.

அவன் இங்கே நின்று பார்த்தான், அங்கே ஏறிப் பார்த்தான், மல்லாக்கப் படுத்தும் பார்த்தான். ஒன்றும் மனசுக்கு ஒட்டவில்லை.

"ஒரு எடத்துல நின்னுதான் எடுங்களேன் மாமா. உங்க பின்னாடி ஓடி எனக்கு மூச்சு முட்டுது."

"வெயில் ஏறிட்டா பாறையெல்லாம் வெளுத்துரும் புள்ள. வெரசா வா."

கடைசியில் ஓடை விளிம்பில் அவளை நிறுத்திவிட்டு, தள்ளிப்போய் உயரமான பாறையில் ஏறிக்கொண்டான். சிவப்புச் சுடிதார் அந்தக் காய்ந்த பாறையில் எடுப்பாகத்தான் இருந்தது.

"என்னையப் பாரு. அப்படியே பின்னாடி போ. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்."

மண்டபத்தில் ஓயாமல் சொல்கிற வார்த்தை. ஆனால் மண்டபத்தில் பின்னாடி இருப்பது திரைச்சீலை. இங்கே இருந்தது பள்ளம். அவன் சொன்னான் என்று அவளும் திரும்பிப் பார்க்காமல் காலை வைத்தாள். கல் உருண்டது.

"மாமா!"

இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டாள். முழங்கை ரெண்டும் பாறையில் சிக்கியதால் தொங்கிக்கொண்டிருந்தாள்.

தாலி கட்டுகிற நேரத்தில் எவன் கத்தினாலும், எவன் விழுந்தாலும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. தவறவிட்டால் இன்னொரு தடவையா கட்டச் சொல்ல முடியும்? அந்தப் பழக்கம் பாவி விரலில் ஊறிக் கிடந்தது. கேமரா படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் ஓடினான். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு புள்ள. நான் மட்டும் ஓடி வரலேன்னா என்னத்துக்கு ஆயிருப்ப!"

அவள் தண்ணீர் குடித்தாள். தோல் உரிந்த முழங்கையை ஊதிக்கொண்டாள். பிறகு, "கேமராவக் கொண்டாங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கை ரெண்டையும் விரித்து அவள் சரிகிற படம், பின்னால் பள்ளமும் மலையுமாக. எந்தக் கம்பெனிக்காரனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். அடுத்ததில் வாயைத் திறந்து அவனைக் கூப்பிடுகிறாள். அதற்கடுத்து அவனைப் பார்க்கவில்லை, பிடிக்க வேர் தேடுகிறாள். அதற்கடுத்து ஒரு முட்டி பாறைமேல். கடைசிப் படத்தில் ரெண்டு முட்டியும் பாறைமேல்.

"நீங்க வரும்போது நான் ஏறிட்டேன் மாமா."

"இல்ல புள்ள, நான்தான கையப் புடிச்சு..."

"ஏறினவ கையத்தான் புடிச்சீக."

அவனுக்கு முகம் செத்துப்போனது. "அழிச்சிர்றேன்" என்று கை நீட்டினான்.

"எதுக்கு? நல்லாத்தான் வந்திருக்கு. அனுப்புங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். பாறை செங்குத்தாக இருந்த இடத்தில் அவன் முந்திக்கொண்டு குதித்து, கீழே நின்று கையை நீட்டினான். மகாராணி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பாறையிலேயே உட்கார்ந்து, சுடிதார் கிழிகிறதே என்றுகூடப் பார்க்காமல், அவனுக்குப் பக்கத்திலேயே சறுக்கி இறங்கிப் போனாள்.