கயிறு இல்லாமல் கொடுத்த கார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் ஆணியிலிருந்து கிடைத்தது.

என் தம்பி மனைவிக்கு நாள் நெருங்கியிருந்தது. பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா ஒருவரிடம் சொல்லிவைக்க, கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில், மற்றவர்கள் காலண்டர் மாட்டும் இடத்தில், ஆணியில் ஓர் இரும்பு ஹேண்டில் தொங்கியது. பழைய கார்களின் மூக்கில் செருகிச் சுற்றிக் கிளப்புவார்களே, அது. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தது. குங்குமம் அன்று வைத்ததுபோல் ஈரமாக இருந்தது.

"இது என்னாங்கம்மா?" என்றேன்.

"அதுவா? அது கயிறுங்க" என்றார். அதற்குள் யாரோ வந்து அவசரமாகக் கூப்பிட, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. ஓர் ஆணியும் ஒரு வார்த்தையும் போதுமா என்று கேட்பவர்களுக்கு: எனக்குப் போதும்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"1963 ஐப்பசியில் கெடிலம் கரைபுரண்டு ஓடியபோது—" அடித்துவிட்டேன். ஆறு கரைபுரண்டால் யாராவது மூழ்கியாக வேண்டும். எனக்கு இருப்பதே மூன்று பாத்திரங்கள்.

"பூவராகனுக்கு வாழ்க்கையில் இரண்டு காதல்கள், ஒன்றுக்கு நான்கு சக்கரங்கள்—" இது சினிமா நோட்டீஸ். இதுவும் போகட்டும்.

மூன்றாவது நின்றது. கடலூர் பூவராகன், தன்னுடைய பழைய செவர்லே காரைச் சிதம்பரம் பொன்னுரங்கத்தின் பழைய ஆஸ்டினுக்கு மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று தை பிறப்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும். மாற்றாவிட்டால் மனைவி போய்விடுவாள்.

பாருங்கள், ஒரே மூச்சில் கதை வந்துவிட்டது. இனி எனக்கு வேலை, உங்களை இங்கிருந்து எழுந்து போகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

3

செவர்லே திறந்த வண்டி. கித்தான் டாப்பை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் உட்கார்ந்திருப்பவன் தலையிலிருந்து பூட்ஸ் வரை ஊருக்குத் தெரிவான். அதனால் கடலூரில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த வண்டிதான். மாலை போட்ட மாப்பிள்ளை பின்சீட்டில், சுற்றிலும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள், முன்னால் நாயனம். ஸ்டியரிங்கில், மாப்பிள்ளையைவிட விறைப்பாக, பூவராகன்.

அவனுடைய கல்யாணத்தில் அவனுக்கு அந்த ஊர்வலம் கிடைக்கவில்லை. சுயமரியாதைக் கல்யாணம், மேடை, மைக், இரண்டு மாலை.* தாலியும் வேண்டாம் என்று சொன்னவன் அவன்தான். "கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுக்குப் பொண்டாட்டி என்னா மாடா?" என்று மைக்கில் கேட்டான். கைதட்டினார்கள். பக்கத்தில் மாலையோடு நின்ற குணசுந்தரியும் கைதட்டினாள்.

(* அன்றைக்கு அந்தக் கல்யாணத்தைச் சட்டம் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் எழுதுவது அறுபத்தெட்டில். ஆகவே கதை நடக்கும் காலத்தில் குணசுந்தரி போக நினைத்தால், அவளைப் பிடித்து நிறுத்த எந்தக் கயிறும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

குணசுந்தரி சித்திரைப்பேட்டைக் கடலோரத்துப் பெண். மீன்பிடி வீட்டிலிருந்து படித்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். குப்பத்துப் பெண்களுக்குப் பிரசவம் சிக்கலானால், அதே செவர்லேயில்தான் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவாள். வெயில் காலத்தில் தொல்லை இல்லை. போன கார்த்திகையில் அடைமழை. டாப்பு கிழிந்து, பிறந்த குழந்தையும் தாயும் தொப்பலாக நனைந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு—

(குழந்தை இறந்துவிட்டதாகத்தான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். கதை நகரவேண்டும் என்பதற்காகக் குழந்தையைக் கொல்கிற ஆள் நான் இல்லை. அது பிழைத்தது.)

பிழைத்தது. ஆனால் அந்த இரவுகளில் குணசுந்தரி தூங்கவில்லை. இந்த வருடம் ஆவணியிலேயே சொல்லிவிட்டாள்.

"என்னாங்க, மழைக்கு முன்னாடி மூடுன வண்டி வந்தாகணும். இல்லன்னா நான் மங்கலம்பேட்டைக்கு மாத்தல் கேட்டுட்டுப் போறேன். அங்க கடலும் இல்ல, மணலும் இல்ல. நடந்தே போயி பாத்துக்குவேன்."

"நான் எங்க போறது?"

"நீங்க உங்க மாப்ளைங்களோட இருங்க."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை என்று பூவராகனுக்குத் தெரியும். செவர்லேயை விட்டால் தான் வெறும் டிரைவர் என்பதும் தெரியும். இப்படி இரண்டும் தெரிந்த மனிதனைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவனுக்கு உதவி செய்கிற உத்தேசம் இல்லை.

4

பொன்னுரங்கம் சிதம்பரத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம், பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய ஆஸ்டின் நான்கு கதவும் கண்ணாடியும் இரும்புக் கூரையும் உள்ள வண்டி. அதில் மாப்பிள்ளையை ஏற்றினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுபோல் இருக்கிறது என்று ஊரில் கேலி.

"மச்சான், எனக்கு ஓப்பன் கார் வேணும். உங்க வூட்டம்மாவுக்கு மூடுன கார் வேணும். இதுல யோசிக்க என்னா இருக்குது?"

"யோசிக்கத்தான் ஜாஸ்தி இருக்குது மச்சான்."

உறவு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேரின் அப்பாக்களும் மாட்டுத் தரகர்கள். சந்தையில் ஒரே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர்கள். அந்தப் பழக்கம் பிள்ளைகளை விடவில்லை. கீழவீதியில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பானெட்டைத் திறந்து, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மேல்பணம் எதுவும் இல்லாத மாற்றல்தான். இருந்தும் துண்டைப் போட்டு உள்ளே விரலைப் பிடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

தை பிறக்கும்வரை மாற்றி ஓட்டுவது, பிடித்தால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் அவரவர் வண்டி அவரவருக்கு என்று முடிவாயிற்று.

இங்கேதான் அந்தக் கயிறு வருகிறது. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்பார்கள், கயிற்றை விற்கமாட்டார்கள். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தால் தொழுவத்தின் லட்சுமி மாட்டோடு போய்விடுவாள். வாங்குகிறவன்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிற பூவராகன், சிதம்பரத்துக்குப் புறப்படும்முன் செவர்லேயின் ஹேண்டிலை எடுத்து வீட்டில் பரண்மேல் வைத்துவிட்டுத்தான் வந்தான். காருக்குக் கயிறு வேறு எது? பொன்னுரங்கமும் தன் ஹேண்டிலை டிக்கியிலிருந்து எடுத்துக் கடைக்குள் குண்டானுக்கு அடியில் மறைத்துவிட்டார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல வெயில், இரண்டு வண்டியும் ஹேண்டில் சுற்றாமல் செல்ஃபிலேயே கிளம்பிவிட்டன.

(நாத்திகன் இப்படிச் செய்வானா என்று கேட்பீர்கள். நானும் அவனைக் கேட்டேன். "இது சாமி இல்லீங்க, பழக்கம்" என்றான். பாத்திரங்கள் நம்மைவிட நன்றாக வாயாடுவார்கள்.)

5

கார்த்திகை. சித்திரைப்பேட்டையில் பகல் மழை. ஆஸ்டினின் பின்சீட்டில் குப்பு என்கிற பெண், வலியில். பக்கத்தில் குணசுந்தரி. கண்ணாடிகளை ஏற்றிவிட்டதும் உள்ளே ஒரு துளி இல்லை. குணசுந்தரிக்கு அந்த ஒரு நிமிடம் இருந்த நிம்மதியை நான் விவரிக்கப்போவதில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அது போதும்.

பூவராகன் செல்ஃபை அழுத்தினான். முனகியது. மறுபடி அழுத்தினான். முனகக்கூட இல்லை.

"ஹேண்டில் போடுங்க" என்றாள்.

அவன் மழையில் இறங்கி வண்டியின் முன்னால் போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்னா நிக்கிறீங்க?"

"ஹேண்டில் சிதம்பரத்துல இருக்குது."

"நம்ம வண்டிது?"

"அது பரண்மேல. இதுல சேராது."

அவள் கண்ணாடியை இறக்கினாள். மழை அவள் முகத்தில் அடித்தது. "ஏன் குடுக்கல? ஏன் வாங்கல?"

"மாட்டக் குடுத்தாலும் கயிறக் குடுக்கக் கூடாது குணா..."

"பொண்டாட்டிக்குக் கயிறு வேணாம். காருக்கு வேணுமா?"

அவள் கத்தவில்லை. அதனால்தான் அவனுக்கு அது உறைத்தது.

கரையில் இருந்த ஆண்கள் ஓடிவந்தார்கள். கட்டுமரத்தைத் தண்ணீருக்குத் தள்ளுகிற அதே தோள்களால் ஆஸ்டினைத் தள்ளினார்கள். மணலைத் தாண்டி, ரோடு ஏறி, இருமித் தும்மிக் கிளம்பியது. கடலூர் போய்ச் சேரும்முன்பே, வண்டிக்குள்ளேயே, குப்புவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காய்ந்த துணியில் சுற்றினாள் குணசுந்தரி.

6

அதே முகூர்த்தத்தில் சிதம்பரம் தெற்குவீதியில், செவர்லே மாப்பிள்ளையோடு நின்றுவிட்டது. நாயனக்காரர் வாசிப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். கடைசியில் மாப்பிள்ளையே மாலையோடு இறங்கித் தள்ளினார். பெண்வீட்டார் இதைச் சகுனமாக எடுத்துக்கொண்டார்களா? எடுத்துக்கொண்டார்கள், ஆனால் நல்ல சகுனமாக: உழைக்கிற பையன்.

மறுநாள் கடலூர் பஸ் கண்டக்டரிடம் பொன்னுரங்கம் சொல்லியனுப்பினார். "வழிப்பாதியில, புதுச்சத்திரத்துல பாப்போம். உங்க கயிறோட வாங்க. நானும் என் கயிறோட வர்றேன்."

7

புதுச்சத்திரம். புளியமரத்தடி, தூறல். இரண்டு கார்களும் மூக்கோடு மூக்காக நிற்கின்றன, இன்ஜின் ஓடிக்கொண்டே. அணைத்தால் திரும்பக் கிளம்பாதோ என்ற பயம் இருவருக்கும். கையில் இருக்கும் ஹேண்டிலால் கிளப்பிக்கொள்ளலாம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசினார்கள்.

"மச்சான், ஹேண்டில மாத்திக்குவோம்! வண்டி அப்படியே இருக்கட்டும்!" என்றார் பொன்னுரங்கம்.

"இல்ல வண்டிய மாத்திக்குவோமா! ஹேண்டில் அப்படியே இருக்கட்டும்!"

குணசுந்தரி இறங்கினாள். ஒரு கையில் பை. பொன்னுரங்கத்தின் கையிலிருந்து ஒன்றை வாங்கினாள், பூவராகனின் கையிலிருந்து மற்றொன்றை வாங்கினாள். இரண்டையும் பூவராகனிடமே கொடுத்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீங்க குடுத்தா, நாளைக்கி நூறு தடவ அத எங்கிட்ட சொல்லிக் காட்டுவீங்க. எதக் குடுக்கணுமோ அத நீங்களே அவரு கையில குடுங்க. நான் அந்த மதகு மேல உக்காந்திருக்கேன்."

கடலூரிலிருந்து வரும் பஸ்ஸும், மங்கலம்பேட்டைப் பக்கம் போகும் பஸ்ஸும் அந்த மதகருகேதான் நிற்கும். பூவராகனுக்கு அது தெரியும்.

இரண்டு கையிலும் இரண்டு இரும்பு. செவர்லேயின் டாப்பு திறந்தே இருந்தது. பொன்னுரங்கம் மூட மறந்திருந்தார். பின்சீட்டில் மாப்பிள்ளையின் கழுத்து மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் தூறலில் நனைந்துகொண்டிருந்தன. ஆஸ்டினின் பின்சீட்டில் ஒரு காய்ந்த துணி. பூவராகன் இரண்டையும் பார்த்தான். பிறகு ஒரு கையை நீட்டினான்.

8

எந்தக் கையை?

இரண்டும் எழுதினேன். செவர்லேயின் ஹேண்டிலைக் கொடுத்தான், அவள் பையோடு எழுந்து ஆஸ்டினில் ஏறினாள்: இது சரியாகத்தான் இருந்தது. மிகவும் சரியாக இருந்ததால் பிடிக்கவில்லை. ஆஸ்டினின் ஹேண்டிலைக் கொடுத்தான், செவர்லே அவனிடமே திரும்பியது, அவள்— இந்த வாக்கியத்தை எவ்வளவு முயன்றும் முடிக்க வரவில்லை. அவள் பஸ் ஏறினாள் என்று எழுதக் கை வரவில்லை. ஏறவில்லை என்று எழுத அவள் விடவில்லை.

எனக்கு இப்படி நேர்வதில்லை. கதையை ஆரம்பித்தால் முடிக்கிறவன் நான். ஆகவே எழுந்து மஞ்சக்குப்பம் போனேன்.

9

தம்பி மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆகியிருந்தது. நன்றி சொல்கிற சாக்கில் நர்ஸம்மாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கதையை முழுக்க வாசித்துக் காட்டினேன். பெயர்கள் மட்டுமில்லை, மற்ற எதுவுமே உங்களுடையது இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒரு திருத்தம் சொன்னார்.

"தள்ளுனது ஆம்பளைங்க இல்லீங்க. மீன் கூடையோட பஸ்ஸுக்கு நின்ன பொம்பளைங்க."

நான் கட்டிவிட்ட கதை என்று நினைத்திருந்தேன்.

"அப்ப இது எந்த வண்டி ஹேண்டிலுங்க?" என்று ஆணியைக் காட்டிக் கேட்டேன்.

"நீங்கதான எழுதுறீங்க? நீங்களே சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரரு எங்க?"

"வண்டி எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு."

"ஹேண்டில் இங்க இருக்குதே? வழியில நின்னுட்டா?"

"அதுக்குத்தாங்க இங்க இருக்குது" என்று அவர் சிரித்தார். "அது கையில இல்லன்னா எங்கயும் வண்டிய அணைச்சிட்டு அரட்டை அடிக்க முடியாது. நேரா வூட்டுக்கு வந்துதான் ஆகணும். கயிறு எங்க இருக்கோ அங்கதான மாடு வரும்?"

எழுந்துபோய், ஆணியில் தொங்கிய ஹேண்டிலின் குங்குமத்தை விரலால் சரிசெய்தார்.

அந்த ஹேண்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்தக் காருடையது என்று எனக்குத் தெரிந்துவிடும். எடுக்கவில்லை. தெருமுனையில் ஹார்ன் கேட்டது. அவர் முறத்தை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். நான் என் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டு வழியாக, மழையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

நீங்கள் நனையத் தேவையில்லை. வாசலிலேயே, அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். வண்டி திரும்புகிறது. ஓட்டி வருகிறவன் நனைந்திருக்கிறானா என்று பாருங்கள். அதற்கு முன்னால் ஒருதரம் அவர் முகத்தைப் பாருங்கள்.