இலவம் பஞ்சில் ஏழு விதை

ஜலஜாவின் பிடிவாதம் அபிராமபுரத்தில் அந்த அடுக்ககம் முழுக்கப் பிரசித்தம். பிள்ளை அச்யுத் போன பத்தாம் நாள், நாத்தனார் ஹாலில் நின்றுகொண்டு, "அவன் படுக்கையை ஆத்துல வெச்சுக்கப்படாது ஜலஜா, எடுத்துண்டு போகச் சொல்லு" என்றாள். மெத்தை போயிற்று, போர்வை போயிற்று. தலையணையை மட்டும் ஜலஜா விடவில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அவன் அலமாரியின் அடித்தட்டில், காலேஜ் புத்தகங்களுக்குப் பின்னால் அதைத் திணித்துவிட்டாள். திணித்ததோடு சரி. அப்புறம் அந்தத் தட்டைத் திறந்து பார்க்கும் தெம்பு அவளுக்கு வரவில்லை.

இருபத்தாறு வயசு. பெருங்குடி ஆபீசுக்கு வண்டியில் போன பிள்ளை. "சாயங்காலம் சீக்கிரம் வரேன்மா, அடை வார்த்து வை" என்று சொல்லிவிட்டுப் போனான். தண்ணி லாரி ஒன்று வந்தது. அவ்வளவுதான். என்ன நியாயம் இது, சொல்லுங்கள்.

அவள் அழுதாள், அழுதாள், அழுதுகொண்டே இருந்தாள். அவள் அகத்துக்காரர் கபாலி, ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெற்ற பிள்ளைக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து, குளித்துவிட்டு, மின்சாரக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்டார். சாயங்காலம் அவள் கோவிலுக்குக் கிளம்பும்போது, "வரேளா?" என்று கேட்பாள். "நீ போய்ட்டு வா" என்பார். நாலு மாசமாக இதே பதில்தான். கல்லுளிமங்கன்! இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று அவள் கறுவினாள்.

பெங்களூரில் இருக்கும் பெண் ஹம்சினி வந்து, "பத்து நாள் என்னோட இருங்கோ ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டாள். ஜலஜா அசையவில்லை. கபாலி மட்டும் போனார்.

அவர் ரயிலேறிய மறுநாள் அச்யுத்தின் அறையைப் பெருக்கும்போதுதான் மேஜை டிராயரில் அந்தப் பொட்டலம் கிடைத்தது. அவன் கோழிக்கிறுக்கலில் 'மஞ்சத் தக்காளி, நம்மாத்து விதை' என்று எழுதியிருந்தது. உள்ளே எண்ணி ஏழு விதை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னலோரம் அவன் வைத்திருந்த தோட்டம் நாலு மாசமாகக் காய்ந்து கிடந்தது. தோட்டம் என்றால் மண்ணும் தொட்டியும் இல்லை. வெள்ளைப் பெட்டியில் தண்ணீர், மூடியில் ஆறு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு சின்ன வலைக் கிண்ணம், மேலே ஊதா விளக்கு. கிண்ணத்தில் கம்பெனிக்காரன் கொடுக்கும் ஸ்பாஞ்சை வைத்து விதை போட வேண்டும். அச்யுத்துக்கு அது பிடிக்காது. "அவன் ஸ்பாஞ்ச் எதுக்கும்மா? செடி பிடிச்சுக்கறதுக்கு ஏதாவது இருந்தாப் போறும். வேருக்குக் காத்தும் ஈரமும் கிடைக்கணும், அவ்வளவுதான்" என்பான். அப்படிச் சொல்லியே அவள் பாத்திரம் தேய்க்க வைத்திருந்த தேங்காய் நாரை அமுக்கினான், செங்கல்லை உடைத்துப் போட்டான், அப்பாவின் பழைய பனியனைக் கிழித்துத் திணித்தான். பனியனில் கீரை வந்தபோது வீடே சிரித்தது. ஜலஜா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அந்தக் கீரையை மசித்தாள்.

இப்போது ஸ்பாஞ்ச் ஒன்றுகூட இல்லை. ஹம்சினிக்குப் போன் பண்ணினாள். "தேங்காய் நார்த்தூள் ஆர்டர் போட்டாப் போச்சு, நாளைக்கே வந்துடும்" என்றாள் அவள். ஜலஜாவுக்கு மனசு ஒப்பவில்லை. யார் வீட்டு நாரோ, யார் கை பட்டதோ. குழந்தை ஆசை ஆசையாய் எடுத்து வைத்த விதை, அவன் பொருளில்தான் முளைக்க வேண்டும். பிடிச்சுக்க ஏதாவது இருந்தாப் போறும் என்று அவனே சொல்லியிருக்கிறானே!

நாலு மாசத்துக்கப்புறம் அந்த அடித்தட்டைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தலையணையை இழுத்தாள். கத்தரிக்கோலால் ஒரு பக்கம் பிரித்தாள். இலவம் பஞ்சு அறை முழுக்கப் பறந்தது. ஆறு கிண்ணத்திலும் பஞ்சை அடைத்து விதை போட்டாள். ஏழாவதையும் ஒரு கிண்ணத்திலேயே சேர்த்துப் போட்டாள். பெட்டியில் தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டாள். நாலைப் போட்டு மூன்றை எடுத்து வைத்திருக்கலாம். அந்தப் புத்தி அவளுக்கு எங்கே வந்தது? கபாலி திரும்பி வந்து கதவைத் திறந்ததும் பச்சையாய் நாலு இலை பார்க்க வேண்டும். பார்த்தாலாவது அந்தக் கல் உருகட்டும். அவள் வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

மிச்சப் பஞ்சைப் பையில் கட்டினாள். தலையணைத் துணி எண்ணெய்ப் பிசுக்காய் இருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, காயவைத்து, இரண்டையும் மந்தைவெளி மெத்தைக்கடை உபைத்திடம் கொடுத்துத் திரும்பத் தைக்கச் சொன்னாள்.

காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். பஞ்சின் மேல் தண்ணீர் முத்து முத்தாய் நின்று உருண்டு ஓடியது. போகப்போக ஊறிவிடும் என்று நினைத்தாள். ஆறாம் நாள் ஐந்து விதையில் வெள்ளையாய் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது! ஜலஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வந்துட்டியாடா, என் கண்ணே, வந்துட்டியாடா" என்று அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பிதற்றினாள். ஹம்சினியிடம்கூடச் சொல்லவில்லை. அப்பா எப்படி இருக்கார் என்று மட்டும் கேட்டாள். "சாயங்காலம் ஆனா நிலைகொள்ளாம தவிக்கறார்மா, ஆத்துக்குப் போணும்கறார்" என்றாள் ஹம்சினி.

ஒன்பதாம் நாள் காலையில் முளையெல்லாம் துவண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, தலையணையை வாங்கிவர மந்தைவெளிக்குப் போனாள். பேச்சுவாக்கில் உபைத்திடம் விஷயத்தைச் சொன்னாள்.

தைத்துக்கொண்டிருந்த கையை அவர் நிறுத்திவிட்டார். "இன்னாம்மா நீ, இலவம் பஞ்சுலயா வெதை போட்டே? அது சொட்டுத் தண்ணி குடிக்காதும்மா. பருத்தி குடிக்கும், இது தள்ளிவுட்ரும். வேர்வை ஏறாம கெடக்குதுன்னுதானே தலகாணிக்கே போட்றோம்."

ஜலஜா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் தண்ணீர் நிறைய நிற்கிறது. நடுவில் பஞ்சு எலும்பாய் உலர்ந்து கிடக்கிறது. ஐந்து முளையும் கருகி, விரல் பட்டதும் ஒடிந்தன. கடைசி விதையையும் உன் கையாலேயே கொன்றாயே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை கபாலி வந்தார். பெட்டியை வைத்தார், காபி வேண்டாம் என்றார், செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அச்யுத்தின் அறைக்குள் போனார். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டாரோ, கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே பின்னால் போனாள். அவர் செடிப் பக்கம் திரும்பவே இல்லை. அலமாரியின் முன் முட்டி போட்டு உட்கார்ந்து, காலேஜ் புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னன்னா தேடறேள்?"

"இங்க ஒரு தலகாணி இருந்துது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ கோவிலுக்குப் போறச்சே எடுப்பேன்" என்றார் கபாலி. "தெனமும் எடுப்பேன். அவன் தலைமுடி வாசனை அதுல இருந்துது."

ஜலஜா உள்ளே போய், உபைத் தைத்துக் கொடுத்த தலையணையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். புசுபுசுவென்று, வெள்ளைவெளேரென்று இருந்தது. அவர் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தை அதில் புதைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"வெயில் வாசனைதான் வரதுடி" என்றார்.

"நான்தான்னா துவைச்சேன்" என்றாள் அவள். "தெரியாமப் பண்ணிட்டேன். செடி வந்தா நீங்க பார்ப்பேள்னு..."

கபாலி அழ ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் அளவுக்குச் சத்தம். இந்த மனுஷன் அழ மாட்டாரா என்று நாலு மாசமாய்க் கறுவிக்கொண்டிருந்த ஜலஜா, அவர் பக்கத்தில் தரையில் விழுந்து, "அழாதேங்கோன்னா, உங்க காலைப் பிடிச்சுக்கறேன், அழாதேங்கோ" என்று கெஞ்சினாள்.