ஐம்பத்தெட்டு கிலோவுக்கு ஒரு பலகை

போட்டிக்கு இன்னும் பதினொரு நாள், நான்கு மணி நேரம் இருந்தபோது பலகை உடைந்தது. இரண்டு கட்டைகளின் மேல் அதைக் கிடத்தி, அருணா நடுவில் ஏறி நின்று ஒருமுறை குதித்தாள். பட்டென்று ஒரு சத்தம். காலுக்கு நேர் கீழே விரிசல்.

அஜ்மானில் ஃபைபர் படகு செய்யும் தொழிற்சாலை அது. அருணாவுக்கு அங்கே தரம் பார்க்கும் வேலை. துபாயில் ஒரு மாலுக்குள் பனிமலை திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போய், விழுந்து விழுந்து சறுக்கக் கற்றிருந்தாள். இப்போது ஒரு போட்டி. காலில் மாட்டும் சறுக்குப் பலகை சொந்தமாகச் செய்ததாக இருக்க வேண்டும், செய்தவரே அதில் இறங்கிவர வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அவளே போய்ப் பெயர் கொடுத்திருந்தாள். முதலாளி தந்த ஃபைபர் துணியில் இன்னும் ஒரு ஜோடிக்குத்தான் மிச்சம் இருந்தது.

டிசைன் எஞ்சினியர் ஹஸ்னைன் உடைந்த இடத்தைத் தடவினான். கணினியில் பலகையை வரைந்து, அதன்மேல் எடையை ஏற்றி, எங்கே எவ்வளவு அழுத்தம் விழும் என்று நிறங்களாகக் காட்டியவன் அவன்தான்.

"கம்ப்யூட்டர்ல நடுவுல மஞ்சள்தான் வந்துச்சு. சிவப்பே இல்ல. அப்ப லேயர்ல ஒண்ணு கொறஞ்சிருக்கு அண்ணே."

ஃபைபர் துணியை அடுக்கடுக்காக ஒட்டிய அம்மையப்பன் உடைந்த இடத்தில் ஒரு துண்டை அறுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"எண்ணிக்குங்க தம்பி. எட்டு. நீங்க வரைஞ்சு குடுத்ததும் எட்டு."

"அப்ப ரெசின் பசை துணியில சரியா ஊறல."

"ஆமா. கம்ப்யூட்டரு பொய் சொல்லாது, என் கைதான் சொல்லும்."

"அடுத்த ஜோடிய வேற ஆள் ஒட்டட்டும்."

அம்மையப்பன் கையுறைகளைக் கழற்றினார்.

அருணா துண்டை வாங்கிப் பார்த்தாள். அறுத்த முகத்தில் பசை ஊறாமல் உலர்ந்த இழை ஒன்றுகூட இல்லை. அதைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். மூன்று வாரம் முன்பு, ஆறு ஆண்கள் நின்ற இடத்தில் ஹஸ்னைன் அவள் எடையைக் கேட்டான். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது இருந்த எடையைச் சொல்லிவிட்டாள். அந்தக் கணக்குக்குத்தான் எட்டு அடுக்கு.

"அண்ணன் ஒட்டுனதுல தப்பு இல்ல. கம்ப்யூட்டர்ல கணக்க மறுபடி போட்டுப் பாப்போம், வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

ஹஸ்னைன் கணினியைத் திறந்தான். எடைக்கான கட்டத்தில் 58 இருந்தது. அருணா குனிந்து அதை அழித்தாள். அம்மையப்பன் கையுறைகளோடு வாசலில் நின்றார்.

"ஏன் அழிக்கிற? எவ்வளவு போட?"

அவள் சொன்னாள். வெளியே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு தங்கச்சி" என்றார் அம்மையப்பன்.

அவள் நிமிர்ந்தாள்.

"எம்பத்தொரு கிலோ."