காத்திருந்ததற்கு ஈட்டுத்தொகை

நடு அறையிலிருந்து என் கணவர் படுத்திருக்கும் பின்னறைக்கு இப்போது பஸ்ஸில்தான் போக வேண்டும். முதலில் நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன். அவர் மாடிப்படியில் விழுந்து பேச்சு நின்றதிலிருந்து இடைவழி நீண்டுகொண்டே போனது. பிறகு டவுன் பஸ் விட்டார்கள்.

"கண்ணாடி பீரோ எறங்கு" என்பார் கண்டக்டர். யாரும் இறங்க மாட்டார்கள். அடுத்தது தையல் மிஷின். கடைசி நிறுத்தம் பின்னறை வாசல். உள்ளே போய்க் கஞ்சி கொடுப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன். பிறகு வெளியே கிடக்கும் மர நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பேன்.

எதற்கு என்றால், அவர் என்னைக் கூப்பிடுவதற்கு. என் பெயர் பிரமநாயகி. அந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று, "ஏளா, வெந்நி ஆச்சா?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதேதான். அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். இப்போது அந்த ஒரு "ஏளா"வுக்கு ஏங்கிக் கிடக்கிறேன்.

அவருடைய பேங்க் பணத்தை எடுக்க ஆள் வேண்டும் என்பதால் கோர்ட் என்னை அவருக்குக் காப்பாளராக நியமித்தது. வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். நான் செலவழித்ததை அவர் பணத்திலிருந்து கோர்ட் திருப்பித் தரும். எதற்குத் திருப்பித் தந்ததோ, அது கோர்ட்டுக்குச் சொந்தம். தலையணைக்குப் பணம் வந்த அன்றே ஜப்திக்கு வரும் கோர்ட் அமீனா ஆறுமுகநயினார் வந்து தலையணையை எடுத்துப்போனார். நல்ல மனிதர். தலையைப் பதமாகத் தூக்கித்தான் உருவினார். கஞ்சிக்குப் பணம் வந்தபோது கஞ்சியின் ருசியை எடுத்துப்போனார். தலையணை வேறு வாங்கினேன். ருசிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த வருஷமும் கணக்கோடு போனேன். கோர்ட் டவாலி வாசலில் நின்று, "பூதலிங்கம், பூதலிங்கம், பூதலிங்கம்" என்று மூன்று தரம் கூப்பிட்டார். வழக்கம்போல என் கணவர் வரவில்லை. வழக்கம்போல நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஆள் எங்கம்மா?" என்றார் நீதிபதி.

"இருக்காவ. பின்னால இருக்காவ."

"எவ்வளவு பின்னால?"

"பஸ்ல போகணும்யா."

நீதிபதி கணக்கைப் புரட்டினார். "பஸ் சார்ஜ் தரலாம். பஸ்ஸுக்கு நின்ன நேரத்தையும் எழுதியிருக்கீங்க. அது தள்ளுபடி. பஸ்ஸுக்கு எல்லாரும்தான் நிக்கறோம். அதுக்கு ஈடு கிடையாது."

"சரிங்கய்யா."

"நாற்காலியில காத்திருந்தீங்களே, அதை எழுதலையே?"

"அதுக்குத் துட்டு வேண்டாம்யா."

கோர்ட்டில் மின்விசிறிகள் நின்றன. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சும்மாவா செஞ்சீங்க?"

"ஆமாய்யா."

"சும்மா செய்யறவங்களை எப்படிம்மா நம்பறது? பொறுப்பை வேற ஆளுக்கு மாத்த வேண்டி வரும்."

இடது தோளைத் தொட்டால் என் கணவருக்கு வலிக்கும். அது வேறு ஆளுக்கு எப்படித் தெரியும்? "எழுதிக்கிடுங்கய்யா" என்றேன். காத்திருந்ததற்கு ஈட்டுத்தொகையைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். மின்விசிறிகள் மறுபடி ஓடின.

வீட்டுக்கு வந்து பஸ் ஏறினேன். முன்சீட்டில் அமீனா உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ்.

"நயினாரண்ணே, எங்க போறிய?"

"காத்திருக்கப் போறேம்மா. இனி அது கோர்ட்டுக்குச் சேந்ததுல்லா."

"நான் ஓரமா நிக்கட்டா?"

"நிக்கலாம். காத்திருக்கப்படாது."

பின்னறை வாசலில் இறங்கினோம். அமீனா நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் சுவரோரமாக நின்றேன். அவர் என்னைவிட நன்றாகக் காத்திருந்தார். முதுகு வளையவில்லை. ஒரு தரம்கூடக் கண்ணைத் துடைக்கவில்லை.

கதவு திறந்தது.

என் கணவர் நின்றார். இளைத்திருந்தார். தோளில் துண்டு கிடந்தது. அவர் நேராக நாற்காலியைப் பார்த்தார்.

"ஏளா, வெந்நி ஆச்சா?"

"ஆச்சு" என்றார் அமீனா. டிபன் பாக்ஸை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கவரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நீட்டினேன். அமீனா சட்டைக் கையை மடித்துவிடுவதில் மும்முரமாக இருந்தார். அப்போதுதான் கணவர் என்னைக் கவனித்தார். வெளியாளைக் கண்டதும் மரியாதைக்குத் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களிடமும் அப்படித்தான் இறக்கினார்.

"ஒங்களுக்கு யாரைப் பாக்கணும்?"

அவர் குரல் மாறவேயில்லை. அதைக் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"பஸ்ஸுக்கு நிக்கேன்" என்றேன். அதற்குத்தான் ஈடு கிடையாதே.

"நில்லுங்க, நில்லுங்க. இப்ப வந்திரும்."

இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.

"எடது தோளப் பாத்துக்கிடுங்கண்ணே" என்று கதவிடம் சொன்னேன்.

"சரிம்மா" என்றார் அமீனா உள்ளிருந்து.

பஸ் வந்தது. "ஏறலையாம்மா?" என்றார் கண்டக்டர். இது இல்லை, அடுத்தது என்றேன். அடுத்ததும் வந்தது. அதுவும் இல்லை என்றேன்.