போர்வை இழந்த மண்

கூரை முனையிலிருந்து அந்த ஆண்டின் முதல் சொட்டு விழுந்ததை இம்பி அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். கேட்டும் கேளாதவள்போல ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

ஈவரி இருந்திருந்தால் அந்தச் சொட்டுக்கே வாசலுக்கு ஓடியிருப்பான். பனி உருகும் காலத்தில் வந்திறங்கும் முதல் பனிக்குருவியைப் பார்த்துச் சொல்பவருக்குக் கடையில் காப்பி இலவசம் என்பது ஊர் வழக்கம். அந்தக் காப்பி பெரும்பாலும் அவன் வயிற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தக் குளிர்காலம் காட்டில் மரம் வெட்டுகையில் ஒரு மரம் எதிர்பாராத பக்கம் சாய்ந்து அவனைக் கொண்டுபோய்விட்டது.

நடுக்குளிரில் கல்லறைத் தோட்டத்து மண் பாறையாகிவிடும். குழி வெட்ட முடியாது. அந்நாட்களில் இறந்தவர்கள் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கொட்டகையில் பெட்டிக்குள் உறைந்து காத்திருப்பார்கள். மண் இளகியதும் அடக்கம். ஈவரியும் வேறு இரண்டு பெட்டிகளோடு அங்கேதான் காத்திருந்தான்.

ஆனால் இம்பிக்கு மண் இளகக் கூடாது. மகள் சாய்மி தெற்கே காசநோய் மருத்துவமனையில் இருந்தாள். ஜூன் பாதிக்கு முன்னால் அனுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவுச் செய்தி கேட்ட அன்று கடைத் தொலைபேசியில் அவள் வேறெதுவும் கேட்கவில்லை. "நான் வர்ற வரைக்கும் அப்பாவ மண்ணுல வெச்சிடாதம்மா," என்று மட்டும் சொன்னாள்.

அதனால் பனி பெய்யும்போதெல்லாம் இம்பி மண்வாரியைத் தூக்கிக்கொண்டு போய், ஈவரிக்கு ஒதுக்கிய இடத்தைத் தரை தெரிய வழித்துவிட்டு வந்தாள். உருளைக்கிழங்குக் குழியின்மேல் பனியை மெத்தையாகக் குவிக்கும் ஊர் அது. பனி மண்ணுக்குப் போர்வை. உருவினால் குளிர் அடியாழம்வரை இறங்கும் என்பது அங்கே பிள்ளைக்கும் தெரியும். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டது. வெயிலுக்கு வலு வந்ததும் அதே இடத்தில் மரத்தூளைக் கனமாகப் பரப்பினாள். பால்பண்ணைக்கான பனிக்கட்டியைக் கோடைவரை அப்படித்தான் காப்பார்கள்.

பனிக்குருவிகள் வந்த அன்று எருக்குவியல்மேல் மூன்றைப் பார்த்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஹுல்டா வந்தாள்.

"இந்த வருஷம் காப்பி எனக்குத்தான் அக்கா. குருவிய நான்தான் பாத்தேன். ஆனா ஒங்க வீட்டுக்காரர் போட்டிக்கு இல்லாம குடிச்ச காப்பி, கழுவுத்தண்ணி மாதிரி இருந்துச்சு."

"ஒஸ்கரி கடைக் காப்பி என்னைக்குமே அப்படித்தான்," என்றாள் இம்பி.

மே மாதம் ஆற்றுப் பனிக்கட்டி கறுத்துக் கரையோரம் விரிசல் விட்டது. ஒரு மத்தியானம் கல்லறை வெட்டும் தனேலி வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"மத்த ரெண்டு குழியும் வெட்டியாச்சு இம்பி. ஈவரியோடதுல கடப்பாரையப் போட்டா பொறி பறக்குது."

"அவருக்கு எந்திரிக்கத்தான் அவசரம் அண்ணே. படுக்க என்னைக்கு அவசரப்பட்டாரு?"

தனேலி சிரிக்கவில்லை. "மரத்தூள நான் பாக்கலன்னு நெனச்சியா? பாத்துட்டுத்தான் சும்மா இருந்தேன். சாய்மி ஞானஸ்நானத்துக்குத் தண்ணி ஏந்தினவன் நான்."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருங்க. ஜூன் பாதி வரைக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினார். "மண்ண நீ நிறுத்திட்ட. கொட்டகைய யாரு நிறுத்துறது? தெக்குச் செவுத்துல நாள் பூரா வெயிலு. இன்னைக்குக் காலையில கதவத் தொறந்தேன்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. மண்ணைப் பற்றி அத்தனை யோசித்தவள் பெட்டிக்குள் இருப்பவனைப் பற்றி யோசிக்கத் தவறியிருந்தாள்.

"நாளைக்கே வெச்சாகணும்," என்றார் தனேலி தணிந்த குரலில். "குழி வெட்டுற எடத்துல நெருப்பு போட்டுத்தான் எளக்கணும். வெறகு நெறைய வேணும்."

"நம்ம வீட்டுலேயே இருக்கு," என்றாள் இம்பி. "அவர் பொளந்து அடுக்குனதுதான்."

பிறகு கடைக்கு நடந்தாள். நாளைக்கே அடக்கம் என்று தொலைபேசியில் மகளிடம் ஒளிக்காமல் சொன்னாள். கதவைத் திறந்து பார்த்த தனேலி சொல்லாமல் விட்டதை மட்டும் அவளும் சொல்லவில்லை. மறுமுனையில் இருமல் கேட்டது. கடைக்காரர் ஒஸ்கரி தராசைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருமல் அடங்கியதும் சாய்மி கேட்டாள்: "குருவி வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு."

"யாரு மொதல்ல பாத்தா?"

"நான்தான். நம்ம வீட்டு எருக்குவியல்ல, மூணு."

"அப்பா இருந்தா வயிறெரிஞ்சிருப்பாரு," என்றாள் சாய்மி. பிறகு அழுதாள்.

இம்பி தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது மேசைமேல் ஒரு கோப்பைக் காப்பி ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் ஒரு சர்க்கரைக் கட்டி.

"இந்த வருஷக் காப்பிய ஹுல்டா குடிச்சிட்டாளே," என்றாள்.

"அவ பாத்தது அதுக்கப்புறந்தான்," என்றார் ஒஸ்கரி, தராசைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

ஈவரி குடிப்பதுபோலவே, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, நின்றபடியே குடித்து முடித்தாள். அப்புறம் வீட்டுக்குப் போய் மண்வாரியை எடுத்துக்கொண்டு, மரத்தூளை ஒதுக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.