செய்யதுப்பட்டினத்துக் காய்ச்சல்

1943ஆம் வருஷம் வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் அசர் தொழுகை முடிந்த சற்று நேரத்தில், செய்யதுப்பட்டினத்தில் நோன்பு கடமையான வயதுடைய முந்நூற்றுப் பதினோரு பேருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. கடைக்காரர் தராசைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். கிணற்றடியில் நின்ற பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே படுத்தார்கள். பள்ளிவாசலை விட்டு இறங்கியவர்கள் செருப்பைத் தேடிய இடத்திலேயே சுருண்டார்கள். இரவு இஷாவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் காய்ச்சல் எல்லோரையும் விட்டு இறங்கியது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. சிறு பிள்ளைகளுக்கு வரவில்லை. ஊரின் வடக்குக் கோடியில் இருந்த எட்டு இந்துக் குடும்பங்களுக்கும் வரவில்லை.

அந்த ஊர் ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவில், கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே இருந்தது. அப்போது அந்தக் கரையெல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு ஓர் ஆண் பினாங்கிலோ ஈப்போவிலோ கடை வேலைக்குப் போயிருந்தான். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்து ஒன்றரை வருஷமாகியும் ஒருவரிடமிருந்தும் கடிதம் இல்லை. ஒன்பதாம் நாள் அறந்தாங்கிப் பக்கமிருந்து ஒரு டாக்டர் வந்தார். நாற்பது பேரின் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் போனார். மலேரியாவும் இல்லை, டைபாய்டும் இல்லை என்று ஒரு வாரம் கழித்துச் சொல்லியனுப்பினார். கொயினா மரம் விளையும் ஜாவா ஜப்பான்காரன் கையில் இருந்ததால் கொயினா மாத்திரை கிடைக்கவில்லை, கிடைத்த கொஞ்சமும் கேட்கவில்லை. தெர்மாமீட்டர் ஒன்றை மட்டும் அவர் பள்ளிவாசல் இமாம் நூகு லெப்பையிடம் விட்டுப் போயிருந்தார். லெப்பை தன் காய்ச்சலோடு தெருத்தெருவாகப் போய் எல்லோருக்கும் வைத்துப் பார்த்தார். யாருக்கு வைத்தாலும் நூற்றிரண்டு காட்டியது. எண்பது வயதுக்காரருக்கும் அதே நூற்றிரண்டு, நேற்றுக் கல்யாணமான பெண்ணுக்கும் அதே நூற்றிரண்டு.

ஆனி மாதம் ஒரு கல்யாணத்துக்காக நாற்பது பேர் அம்மாபட்டினம் போனார்கள். உப்பளத்துக் கரையைத் தாண்டியதுமே அவர்களுக்கு உடம்பு லேசானது, அன்று அசருக்கும் காய்ச்சல் வரவில்லை. பிரியாணி சாப்பிட்டு மூன்று நாள் இருந்தார்கள். அந்த மூன்று நாளும் ஊரில் தெர்மாமீட்டர் நூற்று மூன்றுக்கு அருகில் நின்றது. அவர்கள் திரும்பியதும் பழைய அளவுக்கு இறங்கியது. வருகிற காய்ச்சல் இவ்வளவு என்று ஒரு நிறை உண்டு, இருக்கிற தலைகள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது.

யாருடைய காய்ச்சல் என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. காய்ச்சலில் கிடந்தவர்கள் பிதற்றத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வாயில் தமிழ் வரவில்லை. மேலத்தெருவில் ராபியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். முப்பத்திரண்டு வயது. புருஷன் காசிம் ராவுத்தர் ஈப்போவில் மளிகைக் கடையில் இருந்தார். அவள் ஓர் ஆணின் குரலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக் கிழவர் சேக்கனா சுக்கானி எழுந்து வந்தார். இளவயதில் கப்பலில் சுக்கான் பிடித்து சுரபாயா வரை போனவர் அவர்.

"தண்ணி கேக்குறான். ஜாவாக்காரன் இவன்" என்றார்.

அவர் தினமும் வந்து கேட்டு, மற்ற வீடுகளிலும் கேட்டு, ஒவ்வொன்றாக விளங்க வைத்தார். மலாய்க்காரர்களும் ஜாவாக்காரர்களும் பேசினார்கள். காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள், மழை நிற்கவில்லை, பேதியில் ஆட்கள் சாகிறார்கள், பள்ளம் தோண்டி மொத்தமாகப் போட்டு மூடுகிறார்கள், குளிப்பாட்டவோ ஓதவோ ஆளில்லை. சயாம் ரயிலைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதற்கு இரண்டு வருஷம் முன்பே செய்யதுப்பட்டினத்துக்கு அது தெரியும். ராபியம்மாளின் வாயில் பேசியவன் தன் பிள்ளைகள் மூவரின் பெயரையும் சொன்னான். மாட்டை நிழலில் கட்டினார்களா என்று யாரிடமோ கேட்டான். தன் பெயரை மட்டும் அவன் ஒருநாளும் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கிறவன் தன்னையே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரில் எல்லோரும் இருந்த நாட்களில் அவன் தண்ணீர் கேட்டுவிட்டு உறங்கிப்போவான். ஆள் குறைந்த அந்த மூன்று நாளும் அவன் அலறியதைச் சேக்கனா தன் வீட்டிலிருந்தே கேட்டிருந்தார்.

ஒருநாள் நண்பகல் லுகர் தொழுகைக்குப் பிறகு ஊர் ஜமாத் கூடியது. தோணிகளும் நெல் வியாபாரமும் வைத்திருந்த அசனா மரைக்காயர் முதலில் பேசினார். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய தாய் அந்த வாரம்தான் நினைவு தப்பி எழுந்திருந்தாள்.

"நம்ம புள்ளைங்க கடை கண்ணியில இருக்காங்க. இவங்க யாரோ. ரெண்டு மாசத்துக்கு ஊரெப் பூட்டிட்டு அங்கிட்டுப் போயிருவோம். ஆளே இல்லாத ஊருக்குக் காய்ச்ச எப்பிடி வரும்?"

"வராதுங்க" என்றார் சேக்கனா. "அவங்க மேலயே கெடக்கும்."

எல்லோரும் லெப்பையைப் பார்த்தார்கள். "ஜும்மாவுக்கு ஜும்மா நாமெல்லாம் ஒரே ஒடம்புன்னு ஓதிக்கிட்டுத்தான் இருந்தேன். சும்மா பேச்சுக்குச் சொன்னதுன்னு நெனச்சிருந்தேன்" என்றார். போ என்றும் இரு என்றும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் காலை மரைக்காயர் வீட்டுப் பத்தொன்பது பேரும் நாலு வண்டியில் அறந்தாங்கிக்குப் போனார்கள். அவர்களை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆடி முடிவதற்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பூட்டப்பட்டன. தெர்மாமீட்டர் நூற்று நாலைத் தொட்டது. ஐந்து கிழவர்களும் இரண்டு கிழவிகளும் இறந்தார்கள், மரைக்காயர் கூட்டிப்போன தாய் பிழைத்துக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் வண்டிக்கார ராக்கன் லெப்பையிடம் வந்தான். அவன் வடக்குக் கோடியில் இருந்தவன், கருவாட்டு மூட்டை ஏற்றி அறந்தாங்கிச் சந்தைக்குப் போகிறவன். அவன் தம்பி மலையாண்டி மலேயா ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்தபோது போனவன். அவனிடமிருந்தும் தகவல் இல்லை.

"அவனெயும் அந்த ரயிலுக்குத்தான் இழுத்துட்டுப் போயிருப்பாங்க, ஐயா. அவன் காய்ச்சலெ யாரு வாங்குறா? எனக்கு ஏன் வர மாட்டேங்குது?"

"பங்கு வைக்கிறது நானில்லெ, ராக்கா" என்றார் லெப்பை.

அதற்குப் பிறகு ராக்கன் அசர் நேரத்தில் பள்ளிவாசல் சுவரோரம் துண்டை விரித்துப் படுத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. எழுந்து, கிடந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

ராபியம்மாளுக்கு ஒரே மகள், சுலைகா, பதின்மூன்று வயது. ஆவணியில் அவள் பெரியவளானாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே அசருக்கு அவளுக்கும் காய்ச்சல் வந்தது. அந்தச் சின்ன உடம்பு ஒரு வயதான ஆணின் குரலில் இருமியது. ரமலான் பிறந்தது. காய்ச்சல்காரர்கள் நோன்பு வைக்க வேண்டாம் என்று லெப்பை அறிவித்தார், பாதிப் பேர் கேட்கவில்லை. நோன்பு நாலாம் நாள் அசர் நேரத்தில், காய்ச்சலில் கிடந்த மகளை ராபியம்மாள் ராக்கன் வண்டியில் ஏற்றினாள். அறந்தாங்கியில் அவள் அண்ணன் தையல் கடை வைத்திருந்தார். உப்பளத்துக் கரையைத் தாண்டி நாலு பனை தூரம் போவதற்குள் சுலைகா எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு ராபியம்மாள் மறுநாள் அதே வண்டியில் திரும்பினாள். நீயும் இருந்துகொள்ளேன் என்று அண்ணன் சொன்னதற்கு, "அந்த ஆளு தண்ணி கேப்பாரு" என்று மட்டும் சொன்னாள். வண்டி கரையைத் தாண்டியபோது அசர் நேரம். உட்கார்ந்திருந்தவள் வண்டியிலேயே படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பூட்டாத வீடு நாற்பத்தாறு இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "எம்மவ பங்கு ஒங்க மேல விழுந்திருக்கு. பொறுத்துக்கங்க." இதுவரை போனவர்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு போனதில்லை. சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் சரி போ என்றார்கள். கடைசி வீடு நாகூரம்மாளுடையது. அவள் புருஷன் செத்துப்போய், பாய் முடைந்து பிழைப்பவள். அவள் மகள் மைமூன் சுலைகாவின் வயது, அவளுக்குக் கொஞ்சம் முன்னால் பெரியவளானவள், இரண்டும் ஒரே பலகையில் குர்ஆன் ஓதப் பழகியவை.

நாகூரம்மாள் கோரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "கொண்டுபோய் விட எனக்கு அறந்தாங்கியில அண்ணன் இல்லெ, ராபியா" என்றாள்.

ராபியம்மாள் உள்ளே போய், முந்தைய நாள் காய்ச்சலில் துவண்டு மைமூன் படுத்திருந்த பாயருகே உட்கார்ந்து விசிறினாள். அன்றிலிருந்து தினமும் அசருக்கு முன் அங்கே போய்விடுவாள். இரண்டு தாய்மாரும் நடுவில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு மூவருமாகக் காய்ச்சலில் கிடப்பார்கள். மைமூனின் வாயில் பேசியவன் மலாய்க்காரப் பையன் என்று சேக்கனா சொன்னார். அவன் பெரும்பாலும் தாயைக் கூப்பிட்டான், அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நோன்பு இருபத்தேழு அன்று தெர்மாமீட்டர் நூற்றைந்துக்கு மேல் போனது. மைமூன் அந்தி மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணை மூடினாள். அந்தப் பையனின் குரல் அதற்குப் பிறகு வேறு எவர் வாயிலும் கேட்கவில்லை. ராபியம்மாள்தான் மையத்தைக் குளிப்பாட்டினாள். நாகூரம்மாள் தண்ணீர் ஊற்றினாள்.

ராக்கன் கருவாட்டோடு சந்தைக்குப் போனவன் தையல் கடையில் செய்தியைச் சொன்னான். சுலைகா மாமனிடம் கேட்கவில்லை. மாற்றுப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒங்கம்மா என்னெயத்தான் திட்டும், தாயி" என்றான் ராக்கன்.

"திட்டட்டும். வாரேன்."

அசர் நேரத்தில் வண்டி உப்பளத்துக் கரையைத் தாண்டியபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதே நிமிஷத்தில் ராக்கனுக்கும் வந்தது. மூக்கணாங்கயிறு கையிலிருந்து நழுவ, மாடுகள் தாமாக வழியறிந்து ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தன. ராபியம்மாள் வாசலில் நின்று மகளைப் பார்த்தாள். திட்டவில்லை. கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப்போனாள். ராக்கனுக்கு ஏன் வந்தது என்று லெப்பைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எண்ணிக்கையில் ஒருவரைக் கூட்டிக்கொண்டார். ராக்கன் அய்யனாருக்குப் பொங்கல் வைப்பதை நிறுத்தவில்லை. காய்ச்சலும் அவனை விடவில்லை.

சுலைகா திரும்பிய செய்தி அறந்தாங்கியில் பரவியது. பெருநாளுக்கு முந்தைய நாள் இரண்டு வீடுகள் திறந்தன. பெருநாளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் திறந்தன. அசனா மரைக்காயர் ஐப்பசி மழையில் நனைந்தபடி கரையிலிருந்து நடந்து வந்தார். நேராக மையத்தாங்கொல்லைக்குப் போய் ஒரு சின்னக் கபுர் மேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வாரம் தெர்மாமீட்டர் நூற்றொன்றுக்கு இறங்கியது. அங்கிருந்து மெல்ல மெல்லக் குறைந்து, 1945 ஆவணியில், ஜப்பான்காரன் தோற்ற செய்தி வந்த சமயம், ஒருநாள் அசர் சும்மா கடந்து போனது. மொத்தத்தில் பதினேழு பேர் இறந்திருந்தார்கள்.

மலையாண்டியைப் பற்றித் தகவல் வரவேயில்லை. ராபியம்மாளின் ஜாவாக்காரன் 1944 மாசியோடு பேச்சை நிறுத்தியிருந்தான், ஊருக்குப் போனானா மண்ணுக்குப் போனானா என்று தெரியாது. காசிம் ராவுத்தர் 1946இல் கப்பல் ஏறி வந்தார். கொஞ்சம் தொந்தி வைத்திருந்தது. யுத்தம் முழுக்க ஈப்போவில் கடையிலேயே இருந்ததாகவும், மரவள்ளிக் கிழங்கு தின்றே காலம் தள்ளியதாகவும், ஒரு தலைவலிகூட வரவில்லை என்றும் சொன்னார். யாரும் அதற்கு வருத்தப்படவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை. இரண்டு நாள் கழித்து மைமூன் கதையை முழுக்கக் கேட்டபின், அவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருக்காக இம்புட்டும்?"

"பேரு தெரியாதுங்க" என்றாள் ராபியம்மாள்.

1948 வைகாசியில், அசருக்குப் பிறகு, மறுபடி வந்தது. இந்த முறை எல்லோர் வாயிலும் அரபு. கிதாபில் படித்த அரபை வைத்துக்கொண்டு நூகு லெப்பைக்குப் பாதிதான் விளங்கியது. கதவைப் பூட்டினோமா, பூட்டினோமா என்று ஊரை விட்டுப் போகும் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டுக்கொண்டே நடக்கிறாள் என்றார். எந்த ஊர் என்று யாரும் விசாரிக்கவில்லை, ஜமாத்தும் கூடவில்லை. ஒரு வீடும் பூட்டப்படவில்லை. வெளியூர் போயிருந்தவர்கள் அந்த வாரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். காசிம் ராவுத்தருக்கு அதுதான் முதல் தடவை. பல் கிட்டிக்கொண்டு அடிக்க, நடுவீட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராபியம்மாள் தன் பாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பாயை விரித்தாள்.

"படுங்க. இஷாவுக்கு எறங்கிரும்" என்றாள்.