ரத்தினம்மாளின் ரஷ்யக்காரர்

ஐஸ் பெட்டியின் பிளக்கைக் கழற்றி, உள்ளே தளர்ந்திருந்த ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தார் அரிகிருஷ்ணன். காலையிலிருந்து பெட்டி நின்று நின்று ஓடியது. வாடகைக்குக் கொடுத்தவன் போனை எடுக்கவில்லை. செஞ்சி வட்டாரத்தில் பாதி பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டிய கை அது. பெண்டாட்டி ரத்தினம்மாள் படுத்திருக்கும் பெட்டி மக்கர் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

“வுடு நைனா. வேற யார்னா பாத்துப்பாங்க” என்றாள் மகள் ஜெயசுதா.

“வேற யாரு பாப்பாங்க? ஒயரு லூசு. ஒரு நிமிஷம்.”

அவர் நிமிர்ந்தபோது கமிட்டிப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நெல் ஏலம் போகிற கமிட்டியில் ரத்தினம்மாளோடு நெல் கூட்டி, தூற்றி, மூட்டை வாய் தைக்கிறவர்கள். மாலையைப் போட்டுவிட்டு வட்டமாக உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். மூத்தவளான விருத்தாம்பாள் ஒப்பாரி எடுத்தாள்.

“குளிரூரு ஜெயிலிலே கூடப்பொறந்தான் காத்திருக்க
சேதி சொல்ல ஆளுமில்ல செல்ல ரத்தினமே...”

அரிகிருஷ்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தினம்மாளுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா, தளவானூரில். தம்பி ஏது? அதுவும் ஜெயிலில்? வந்திருக்கிற சனம் என்ன நினைக்கும்?

பாட்டு ஓய்ந்து விருத்தாம்பாள் மூக்கைச் சிந்தியதும் கிட்டே போனார். “யாருக்கா தம்பி?”

“ரத்தினத்தோட சித்தி மொவந்தான். குதிர வண்டி ஓட்டுனவரு. குடிச்சிட்டுக் கூட்டாளிய அடிச்சி, அது செத்துப்போயி, ஐஸு கொட்டுற ஊரு ஜெயில்ல போட்டுட்டாங்களாமே. அந்தச் சித்திகாரி பாவம், வருசா வருசம் நடந்தே போவுமாம். அவருக்குத் தகவல் சொன்னியாப்பா?”

அரிகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. அடிப்பாவி ரத்தினம்.

அது நாவல். எழுதிய ரஷ்யக்காரர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணமான புதிதில், பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து நின்ற புத்தக வேனில் மலிவாகக் கிடைத்த தலையணை கனத் தமிழ்ப் புத்தகம். அதை முடித்த அன்று அவர் கடை திறக்கவில்லை. “அவரு எழுத்தாளரு இல்லடா, எக்ஸ்ரே மிஷினு” என்று டீக்கடையில் சொல்லப்போய், ரொம்ப நாள் அவருக்கு எக்ஸ்ரே என்றே பட்டப்பெயர் இருந்தது. இருக்கட்டுமே. ஆத்திரத்தில் கையை ஓங்கும்போதெல்லாம் அந்தத் தாடிக்காரர் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். கை தானாக இறங்கிவிடும். கட்சியும் கோயிலும் செய்யாததை அந்தக் கிழவர் செய்தார். உலகத்தில் கதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கடன்பட்டவர்கள் என்று எங்கோ படித்தபோது, மீதிப் பாதி ஒத்துக்கொள்ளாதவர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ரத்தினம்மாளுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். போன ஐப்பசி மழையில் கமிட்டி ஓடாத நாட்களில் அதை அவளுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டே கேட்பாள். இளவரசி வருகிற பக்கங்களில் கொட்டாவி விடுவாள். “அந்தம்மா கெடக்குது. வண்டிக்காரன் அம்மாக்கு இன்னா ஆச்சு?” என்பாள். முன்னாலேயே சொல்லவும் விடமாட்டாள், வரும்போது வரட்டும் என்பாள். மழைக்காலம் போயும் வாசிப்பு நிற்கவில்லை. கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. நேற்று சாயங்காலம் போய்விட்டாள்.

கேட்டதை எல்லாம் கமிட்டியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள். எழுநூறு பக்கத்தில் வருகிற இளவரசியை அவள் சொன்னதில் காணோம், தளபதியைக் காணோம். போகட்டும். புத்தகத்தில் வண்டிக்காரன் கொன்றது முதலாளியை. இவள் யாரைக் கேட்டு அதைக் கூட்டாளி என்று மாற்றினாள்? அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பேர்ப்பட்ட மனுஷர் எழுதியதில் கை வைக்கலாமா?

“அக்கா, இங்க பாரு, அது வந்து...” என்று ஆரம்பித்தார்.

“அண்ணா, கொஞ்சம் இப்பிடி வாங்க.”

கூப்பிட்டவள் அமிர்தவல்லி. இவளும் கமிட்டிக்காரிதான். இவள் மகன் பார்த்திபன் குடித்துவிட்டுச் சிநேகிதனைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டுக் கடலூர் ஜெயிலில் இருக்கிறான். அவள் பின்னால் பந்தல் ஓரமாக நடக்கும்போதுதான் அரிகிருஷ்ணனுக்குக் கூட்டாளி எங்கிருந்து வந்தான் என்று விளங்கியது. கோபம் போன இடம் தெரியவில்லை.

“அது கதைதானேண்ணா?”

“ஆமாம்மா. கதைதான்.”

“எனக்கு அப்பவே தெரியும். அக்காவுக்கு மண்டகப்பட்டு ஊரத் தாண்டி ஏது ஒறவு?” முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “எம்புள்ளய நான் போய்ப் பாக்கவே இல்லண்ணா. செத்துட்டான்னு தலமுழுவிட்டேன். அக்கா அந்தத் தாய் கதைய சொன்னப்புறந்தான் போனேன். ரெண்டு தபா போனேன். பாக்கமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான். அந்தக் கதையிலயும் அப்பிடித்தான, வெளிய வரமாட்டான்? வர வாரம் மறுபடியும் மனு போடணும். போறதா வுட்டுடறதான்னு தெரியல. கடைசில அவன் வந்தானா?”

“கதைய நம்பியாம்மா போவ?”

“எழுதுனவரு சும்மா எழுதலண்ணா. ஜெயில் வாசல்ல அந்தம்மாவுக்கு அழுக வராது, கொட்டாவியா வரும்னு சொல்லியிருக்காரே. எனக்கும் அதான் வந்துது. வெக்கமாப் போச்சு. அது தெரிஞ்சவருக்கு மிச்சம் தெரியாதா?”

அரிகிருஷ்ணனுக்கு முடிவு தெரியும். வந்தான், கட்டிக்கொண்டு அழுதான் என்று சொன்னால் இவள் நிம்மதியாகப் பஸ் ஏறுவாள். சாவு வீட்டுப் பொய்யை யார் கணக்கு வைக்கப்போகிறார்கள். உள்ளதைச் சொன்னால் போகாமலே இருந்துவிடுவாள். ஆனால் அந்தக் கிழவர் பெயரால் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ரத்தினத்துக்கும் அது பாக்கி.

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, பெட்டி ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நைனா, எடுக்குற நேரம். இன்னா பண்ற நீ?”

“உங்கம்மாவுக்கு ஒரு அத்தியாயம் பாக்கிம்மா.”

பங்காளிகளில் ஒருவர் முணுமுணுத்தார். விருத்தாம்பாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “சாவுக்குக் கூத்தே வெக்கிறோம். படிக்கட்டும் வுடுங்க.” மேளக்காரர்கள் பக்கம் கையைக் காட்டினாள். மேளம் நின்றது.

அவர் வாசித்தார். அந்த வருஷம் பனி முன்னாலேயே விழுந்துவிட்டது. தாய் வருகிற நாளன்று வண்டிக்காரன் விடியும் முன்பே எழுந்தான். இந்தத் தடவை போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான். சட்டையைத் துவைத்துக் காயவைத்து உடுத்திக்கொண்டான். காவலன் வந்து கூப்பிடவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே கெஞ்சி அனுமதி வாங்கி, முதல் தடவையாக வாசல் கம்பி வரைக்கும் வந்தான். வெளியே யாரும் இல்லை. இருட்டும் வரை நின்றான். வருகிற வழியில், ஏதோ ஒரு ஊர்ச் சத்திரத்தில், தாய் முந்தின வாரமே கண்ணை மூடியிருந்தாள். அதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கடைசி வரி முடிந்தது. “பாவி மொவன், வந்தும் பாக்க முடியலியே” என்று விருத்தாம்பாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அமிர்தவல்லியின் பக்கம் திரும்ப அவருக்குப் பயமாக இருந்தது.

“அப்ப வந்துருக்கான்” என்றாள் அவள்.

“வந்தான்மா. ஆனா அந்தம்மா...”

“அந்தம்மா இல்ல. தெரியுது.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நான் இருக்கேன் இல்ல. இத அவங்கிட்ட சொல்லணும்ணா. வெளிய வரலன்னா உள்ள யார்கிட்டயாவது சொல்லி அனுப்புறேன். இந்த மாதிரி ஒருத்தன் வாசல்ல நின்னான்டான்னு.” எழுந்து வந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே காலை மடக்கி உட்கார்ந்தாள். “கடசிப் பக்கத்த மட்டும் இன்னொரு தபா படிங்கண்ணா. மறக்காம சொல்லணும்.”

அரிகிருஷ்ணன் பெட்டிக் கண்ணாடிக்குள் இருந்த ரத்தினம்மாளைப் பார்த்தார். அவளை நினைக்க அவருக்குப் பெருமையாக இருந்தது. மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.

தூக்க வந்திருந்த பங்காளிகள் தோள் துண்டை எடுத்துத் தரையில் போட்டு உட்கார்ந்தார்கள்.